கூட்டல் கழித்தல்

கரை அலுவலகம், மூன்றாம் தளம்
மார்ச் 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் வானொலிச் செய்தி இன்று காலை கிடைத்தது. நான்கே வார்த்தைகள்: ‘பெரியவர் வீடு திரும்பவில்லை, மச்சான்.’ அலுவலக வானொலியில் உறவுமுறை சொல்லக் கூடாது என்பது விதி. கேட்டவர் அந்த ‘மச்சான்’ என்பதையும் விடாமல் தட்டச்சு செய்து எல்லா அறைகளுக்கும் அனுப்பிவிட்டார். மின்தூக்கியில் என்னோடு ஏறியவர்களெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தார்கள். இனி விவரங்களைக் கடிதமாகவே எழுதுங்கள். செயற்கைக்கோள் உங்கள் தலைக்கு மேல் வரும்போது ஒரு கடிதம் போகும், ஒரு கடிதம் வரும். அது போதும்.

எனக்குத் தெரிந்தவற்றை முதலில் சொல்கிறேன். தவறிருந்தால் திருத்துங்கள்.

காது மந்தம், மெதுவான நடை, சொன்ன சொல்லை மாற்றாத பிடிவாதம் ஆகிய காரணங்களால் நீங்கள் ‘பெரியவர்’ என்று பெயரிட்ட நம் ஆளில்லா நீர்மூழ்கி, பனிக்கூரைக்கு அடியில் குருடு. செயற்கைக்கோளின் குரல் தண்ணீருக்குள் போகாது. ஆகவே துளைகள் வழியே தொங்கவிட்ட மூன்று ஒலிப்பான்களின் ஓசையைக் கேட்டு, அது வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு, தான் இருக்கும் இடத்தை அது கணக்கிடுகிறது. இரண்டு குரல்கள் ஒத்துப்போய் மூன்றாவது மாறுபட்டால், அந்த மூன்றாவதைத் தள்ளிவிட வேண்டும். இது ஏழாம் விதி. எழுதியவன் நான்.

ஒலிப்பான்களில் ஒன்று உங்கள் முகாமின் துளை அருகே இருக்கிறது. மற்ற இரண்டும் நான்கு கிலோமீட்டருக்கு அப்பால் தடித்த பனித்தகட்டில் இருக்கின்றன. நேற்று அந்தத் தகடு விரிசல் விட்டுப் பிரிந்து, இரண்டு ஒலிப்பான்களையும் சுமந்துகொண்டு, அறுநூறு மீட்டர், கூட்டல் கழித்தல் இருபது, சரிந்துவிட்டது. சேர்ந்தே நகர்ந்ததால் அவற்றின் பேச்சு ஒத்துப்போயிற்று. முகாமின் குரல் ஒன்றுதான் உண்மை சொன்னது. பெரியவர் அதைப் பொய்யென்று தள்ளிவிட்டார். தகட்டோடு முகாமும் சரிந்திருந்தால் துளை எங்கே இருந்திருக்குமோ அந்த இடத்துக்குப் போய்த் துளையைத் தேடி, காணாமல், விதிப்படி பனிக்கூரையில் முதுகை ஒட்டிக்கொண்டு மணிக்கொரு முறை கூவியபடி காத்திருக்கிறார்.

அந்த இடம் எது என்று சொல்வது என் வேலை. நடந்து போய்த் துளையிட்டு எடுப்பது உங்கள் வேலை. கணக்கு கரையில், கால் பனியில். ஆனால் விரிசலை யாரும் தாண்டக் கூடாது. அதற்கான அனுமதியில் கையெழுத்திட வேண்டியவன் நான். பேனாவை மூடிவைத்திருக்கிறேன்.

வீட்டில் நலம். தங்கைக்கு மருத்துவமனையில் பல்வலிக்காரர்கள் கூட்டம். மாடி இறங்கி உங்கள் வீட்டுக் குழாயைச் சரிபார்க்கப் போயிருந்தேன். ‘அவரு வந்து பாத்துப்பாரு, நீ கைவெச்சு இன்னும் ஒடச்சிடாத’ என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

இப்படிக்கு,
மச்சான்


பனி முகாம்
மார்ச் 9

அன்புள்ள மச்சானுக்கு,

திருத்த ஒன்றுமில்லை. நேரில் பார்த்தவன்கூட இவ்வளவு ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டான். பார்த்தவன் என்பதால்தான் என்னால் முடியவில்லை.

நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கெட்டித் துணியை யாரோ நிதானமாகக் கிழிப்பது போல ஒரு சத்தம் நீண்டுகொண்டே போனது. பனியில் துளையிட வந்த நம் துளைக்காரர் தட்டைக் கீழே வைக்காமலே, ‘யாரு பேண்ட்டு சார் கிழிஞ்சது?’ என்றார். வெளியே வந்து பார்த்தால், நேற்றுவரை நடந்து போன வெள்ளைத் தரையின் குறுக்கே கறுப்பாகத் தண்ணீர். முகாமைச் சுற்றி அரிவாள் போல வளைந்து போகிறது. சில இடங்களில் இரண்டடி அகலம், சில இடங்களில் இருபதடி. ஓரங்கள் ஒன்றோடொன்று மோதி, பனிப்பாளங்கள் சுவராக எழும்பியிருக்கின்றன. மேலே தெரிவதைப் போலப் பல மடங்கு கீழே தொங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தத் தொங்கும் சுவர் மறைப்பதால்தான் பெரியவர் கூவுவது இங்கே கேட்கவில்லை.

நியாயம் பேச நேரமில்லைதான். பேசாமல் இருக்கவும் முடியவில்லை. ஏழாம் விதியை ஏற்றுக்கொண்ட அன்று உங்கள் அறையில் நீங்கள், கணக்குப் பிரிவு அம்மா, நான் ஆகிய மூவரும் இருந்தோம். ‘ரெண்டு பேரு ஒரே வண்டியில போனா ஒரே ஊரைத்தான் சொல்லுவாங்க மச்சான், அதுக்காக அது நம்ம ஊராயிடுமா?’ என்று கேட்டேன். இரண்டுக்கு ஒன்று என்று என்னைத் தள்ளிவிட்டீர்கள். விதி பிறப்பதற்கு முன்பே என்மேல் பாய்ந்துவிட்டது. ஒற்றைக் குரலை மட்டும் கேட்டுக்கொண்டு வீடு திரும்பும் வழியைப் பெரியவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தேன். அதை அழிக்கவில்லை, அந்த மட்டும் நன்றி. பூட்டுப் போட்டு, திறக்கும் சொல்லை நீங்களே வைத்துக்கொண்டீர்கள்.

இன்னொன்று. ஆள் உயரத்துக்குக் குறைவான பனியில் ஒலிப்பானை நடக் கூடாது என்பதும் உங்கள் விதிதான். அந்தத் தடிமன் அந்த ஒரு தகட்டில்தான் கிடைத்தது. இல்லாவிட்டால் இரண்டையும் ஒரே தகட்டில் நட்டிருப்பேனா?

சரி, விடுங்கள். இந்தப் பருவம் முழுவதும் பனியின் அடிவயிற்றை அளந்தது அத்தனையும் பெரியவருக்குள் இருக்கிறது. அவர் வராவிட்டால் அடுத்த ஆண்டு யாரும் நம்மை இங்கே அனுப்பப்போவதில்லை. என் ஒன்பது வருட உழைப்பு ஒரு மஞ்சள் குழலுக்குள் அடைந்து கிடக்கிறது. மின்கலம் ஆறு நாள் தாங்கும், குளிர் கூடினால் அதுவும் இல்லை. எங்களை ஏற்றிப்போக ஹெலிகாப்டர் பதினைந்தாம் தேதி வருகிறது.

இடத்தைச் சொல்லுங்கள். வழக்கம்போல் வாலோடு. உங்கள் எண்ணுக்கு எப்போதும் அந்தக் ‘கூட்டல் கழித்தல்’ வால் உண்டே! என் கல்யாணத்தன்று ‘பத்து மணிக்கு வருவேன், கூட்டல் கழித்தல் ஐந்து நிமிடம்’ என்று பெண்ணின் அண்ணனே சொன்னதைக் கேட்டு என் நண்பர்கள் இன்றும் சிரிக்கிறார்கள். ஆனால் அந்த வாலை நம்பித்தான் நாங்கள் பனியில் நடக்கிறோம்.

விரிசலுக்கு அப்பால் என்றாலும் சொல்லுங்கள். பலகை இருக்கிறது, கயிறு இருக்கிறது, துளைக்காரர் இருக்கிறார். பேனாவைத் திறந்து வையுங்கள்.

அன்புடன்,
மாப்பிள்ளை


கரை அலுவலகம்
மார்ச் 10

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கணக்கு முடிந்தது. நல்ல செய்தி.

தகடு சரிந்தது அறுநூறு மீட்டர். சரியும்போது அது சற்றுத் திரும்பியும் இருக்கிறது. அந்தத் திருப்பம் பெரியவரின் இடத்தை இருநூற்றுப் பத்து மீட்டர் உங்கள் பக்கமாக இழுத்துவிட்டது. அதைக் கழித்தால், முகாமிலிருந்து தகடு சரிந்த திசையில் முந்நூற்றுத் தொண்ணூறு மீட்டர். அந்தத் திசையில் விரிசல் ஐந்நூறாவது மீட்டரில்தான் குறுக்கிடுகிறது. ஆகவே நீங்கள் அதன் அருகேகூடப் போக வேண்டியதில்லை. துளையிடுங்கள், ஒலிவாங்கியை இறக்கிக் கேளுங்கள்.

விதிகளைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நீங்கள் திரும்பிவந்ததும் உட்கார்ந்து பேசுவோம். பிழை இருந்தால் திருத்துவதற்கு நான் தயங்குபவன் அல்லன்.

ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது என்று சும்மாவா சொன்னார்கள்! உங்களுக்கு ஆழம் தெரியும் என்பதுதான் என் கவலை. தெரிந்தும் விடுவீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கையுறையைக் கழற்றிவிட்டு வேலை செய்யாதீர்கள். தங்கை உங்கள் செருப்பை எடுத்துத் துடைத்து மறுபடி வாசலிலேயே வைத்திருக்கிறாள். நான் கேட்டதற்கு, ‘தூசி’ என்றாள். அவளுக்கு நீங்கள் பத்திரமாக வர வேண்டும், மாப்பிள்ளை. அதை அவள் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள்.

இப்படிக்கு,
மச்சான்


பனி முகாம்
மார்ச் 11

அன்புள்ள மச்சானுக்கு,

ஐந்து துளைகள் போட்டோம். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். எங்களுக்குப் பூதம்கூட வரவில்லை.

நீங்கள் சொன்ன இடத்தில் முதல் துளை. இரண்டு ஆள் ஆழத்துக்குப் பனி, அதற்கும் கீழே தண்ணீர். ஒலிவாங்கியை இறக்கிவிட்டு, கேட்கும் கருவியை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு, மணிப் பொழுதுக்காகக் காத்திருந்தோம். பனி முனகுகிறது, எங்கோ ஒரு விலங்கு விசில் அடிக்கிறது. பெரியவர் மட்டும் பேசவில்லை. நகர்த்தி நகர்த்தி நான்கு பக்கமும் போட்டோம். துளையிடும் கத்தியில் ஒன்று முறிந்துபோனது. துளைக்காரர் சொல்கிறார்: ‘சார், உங்க மச்சான் கணக்கு எப்பவும் தப்பாதுன்னீங்க. தரைக்குத் தப்பாதோ என்னவோ, பனிக்குத் தப்புது.’

‘அவரைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. அவரு தப்புப் போட்டா பேப்பர்தான் தப்பா இருக்கும்’ என்றேன். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குளிர் திடீரென்று கூடிவிட்டது. விரிசலின் கறுப்புத் தண்ணீர் மேல் மெல்லிய தோல் படர்ந்து சாம்பல் நிறமாகிவிட்டது. ஒரு வகையில் தாண்டுவதற்கு நல்லது. மின்கலத்துக்கு நல்லதல்ல. அவர் அங்கே நடுங்கிக்கொண்டு இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வது முட்டாள்தனம் என்று தெரியும். இருந்தாலும் அப்படித்தான் நினைப்பு ஓடுகிறது.

கணக்கை இன்னொரு முறை பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மாப்பிள்ளை


கரை அலுவலகம்
மார்ச் 11

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பார்த்தேன். இடம் சரியானதே. குளிர்ந்த நீரில் ஒலி மேல்நோக்கி வளைந்து பனியில் பட்டுச் சிதறும். அருகிலிருந்தும் கேட்காமல் போவது உண்டு. முகாம் பக்கமாக ஐம்பது மீட்டர் தள்ளி மேலும் மூன்று துளைகள் போட்டுப் பாருங்கள்.

விரிசலில் படர்ந்திருக்கும் புதுப் பனியை நம்பாதீர்கள். உப்பு கலந்த பனி உறுதியாகத் தோன்றும், வளையும், சொல்லாமல் விட்டுவிடும். வேறு செய்தி இல்லை. நலம்.

மச்சான்


பனி முகாம்
மார்ச் 12

தலைமைப் பொறியாளர் அவர்களுக்கு,

மூன்று துளைகளும் போட்டாயிற்று. பயனில்லை. இருக்காது என்று போடும்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நேற்று உங்கள் கடிதத்தைத் துளைக்காரருக்குப் படித்துக் காட்டினேன். அவர் ஒரு கேள்வி கேட்டார்: ‘எப்பவும் ஒரு கூட்டல் கழித்தல் சொல்லுவாருன்னீங்களே, அது எங்க சார்?’ முந்திய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். அறுநூறு மீட்டருக்கு ஒன்பதாம் தேதி வால் இருந்தது, பத்தாம் தேதி இல்லை. முந்நூற்றுத் தொண்ணூறு மீட்டருக்கும் வால் இல்லை. இருபது வருடமாக உங்களைத் தெரியும். சந்தைக்குப் போய்வரும் நேரத்துக்குக்கூட வால் வைப்பவர் நீங்கள். தனக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்று யோசித்துச் சொல்பவன்தான் வால் வைப்பான். இட்டுக்கட்டிய எண்ணுக்கு எந்த வாலை ஒட்டுவது என்று உங்களுக்கே தெரிந்திருக்காது.

இங்கே கணக்குப் போடக் கணினி இல்லை என்பதை நம்பினீர்கள். சாப்பாட்டுப் பெட்டியின் அட்டை இருக்கிறது. அதைத் தகடு மாதிரி வெட்டி, ஒலிப்பான்கள் இருக்கும் இடத்தில் இரண்டு ஆணி, துளை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பேனாப் புள்ளி வைத்தேன். ஒலிப்பான்களின் தலைமேல் உள்ள கருவிகள் அவை இருக்கும் இடத்தை உங்களுக்குச் சொல்வது போலத்தான் எனக்கும் சொல்கின்றன. அட்டையை அதன்படி நகர்த்தினேன், அதன்படி திருப்பினேன். புள்ளி என் பக்கம் வரவில்லை. விலகித்தான் போகிறது. கூட்ட வேண்டிய இருநூற்றுப் பத்தைக் கழித்திருக்கிறீர்கள்.

அது பிழை என்றால் உங்கள் கையைப் பிடித்துச் சிரித்திருப்பேன். நீங்கள் எதையும் இரண்டு முறை போட்டுப் பார்ப்பவர். அது பிழை இல்லை.

என்னை விரிசல் பக்கம் போகவிடாமல் இருக்க, இந்தக் குளிரில் எட்டுத் துளை போட வைத்தீர்கள். பெரியவர் அங்கே கூவிக்கொண்டிருக்க, நாங்கள் இங்கே வெறும் தண்ணீரைக் கேட்டுக்கொண்டிருந்தோம். இரண்டு நாள் மின்சாரம் வீண். அனுமதி தர மாட்டேன் என்று நேராகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சண்டை போடும் மரியாதையைக்கூட நீங்கள் எனக்குத் தரவில்லை.

இனி என் முடிவு. நாளைக் காலை விரிசலைத் தாண்டுகிறேன். பலகையை இன்றே போட்டுவிட்டோம். அட்டைக் கணக்கில் எழுநூறும் வரும், ஆயிரமும் வரும். ஆகவே அந்தப் பக்கம் முழுவதும் அலைந்து துளையிட வேண்டும், ஒரு நாள் பிடிக்கும். உண்மையான எண் கையில் இருந்தால் நேரே போய் நேரே வரலாம். தருவதும் தராததும் உங்கள் விருப்பம். நான் போவது உங்கள் விருப்பம் அல்ல.

களப் பொறுப்பாளர்


கரை அலுவலகம்
மார்ச் 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எண்ணூற்றுப் பத்து மீட்டர், கூட்டல் கழித்தல் ஐம்பது. விரிசலுக்கு அப்பால். இதுதான் பத்தாம் தேதி எனக்குக் கிடைத்த விடை.

நீங்கள் எழுதியது அத்தனையும் சரி. கூட்டல் குறியைக் கழித்தலாக்கினேன். அதைச் செய்ய ஒரு நொடிகூட ஆகவில்லை. வாலை எழுதத்தான் கை வரவில்லை. அதைக் கவனித்தவர் துளைக்காரர் என்பதைப் படித்தபோது, இத்தனை தூரத்திலிருந்தும் எனக்கு முகம் சுட்டது.

மாலையில் கீழே இறங்கிப் போய்த் தங்கையிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

‘அண்ணா, அவரைத் தடுத்து நிறுத்துன்னு நான் உங்கிட்ட கேட்டேனா?’

‘கேட்கவில்லை.’

‘அப்புறம் எதுக்கு எனக்காகன்னு சொல்லிக்கிற? அவருக்காகவும் நீ பயப்படல. அவருக்கு ஏதாவது ஆனா என் மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு பயந்த.’ மடித்த சட்டையை உதறி மறுபடியும் மடித்தாள். ‘சொத்தைப் பல்லைப் பாத்துட்டு நல்லாத்தான் இருக்குன்னு சொல்லி அனுப்பினா, வலி நின்னுடுமா? அந்த ஆளு அப்புறம் என்கிட்ட வாயைத் திறப்பாரா?’

நான் வாசல் பக்கம் திரும்பினேன். ‘போ, போய் அவருக்கு ஒழுங்கா எழுது’ என்றாள். நான் படியேறும்போது பின்னாலிருந்து, ‘போக வேண்டாம்னு நான் சொன்னேன்னும் எழுது. அது என் வார்த்தை, உன்னோடதுல கலக்காத’ என்றாள். ஆகவே அதைத் தனியே எழுதுகிறேன்: போக வேண்டாம் என்கிறாள்.

இனி நான் சொல்வது. விரிசலைத் தாண்ட அனுமதி இல்லை. நேராகவே சொல்கிறேன், சண்டை போடுங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு வழி இருக்கிறது. அதை அடைத்து வைத்திருந்தவை என் இரண்டு விதிகள். இரண்டையும் இக்கடிதத்தின் மூலம் நீக்குகிறேன்.

முகாமின் ஒலிப்பானை முப்பது மீட்டர் ஆழத்தில்தான் தொங்கவிட வேண்டும் என்பது ஒன்று. உங்களிடம் இருநூறு மீட்டர் கயிறு இருக்கிறது. ஒலிவாங்கியையும் சேர்த்துக் கட்டி முழுவதும் இறக்குங்கள். அவ்வளவு ஆழத்திலிருந்து புறப்படும் ஒலி, தொங்கும் பனிச் சுவருக்கு அடியில் புகுந்து, அப்பால் மேல்நோக்கி வளைந்து, பெரியவரின் காதுக்கு எட்டும். அவர் கூவுவதும் அதே வழியில் உங்களுக்கு எட்டும். நேற்று உங்களை ஏமாற்ற இதே வளைவைத்தான் சாக்காகச் சொன்னேன். இன்று அது உண்மையாகவே உதவும்.

தகட்டில் இருக்கும் இரண்டு ஒலிப்பான்களுக்கும் ‘வாயை மூடு’ என்று கட்டளை அனுப்புங்கள். அவை அடங்கியதும் பெரியவருக்குக் கேட்பது உங்கள் குரல் ஒன்றுதான். ஒரே குரல் கேட்டால் அசையாமல் இரு என்பது என் இன்னொரு விதி. அந்தப் பூட்டைத் திறக்கும் சொல்லை வானொலியில் அனுப்பிவிட்டேன். ஓசை நெருங்கினால் முன்னே போவார், விலகினால் திரும்புவார். நீங்கள் கற்றுக்கொடுத்த பாடம்தான். தடவித் தடவி வருவார். வழியில் பனிச் சுவரில் முட்டிச் சிக்கிக்கொள்ளவும் கூடும். அப்படியானால் அவரை யாராலும் எடுக்க முடியாது, பழி என்னுடையது. இயக்குநருக்கு அவ்வாறே எழுதிக் கொடுத்துவிட்டேன். முந்நூற்றுத் தொண்ணூறு மீட்டரைப் பற்றியும் அதில் இருக்கிறது.

ஒரே ஒரு நாள் இதற்குக் கொடுங்கள். பலகை எங்கும் போய்விடாது.

மன்னிப்பு என்ற சொல்லை இந்தக் கடிதத்தில் எழுதி அடித்துவிட்டேன். உங்களிடமிருந்து ஒரு பதிலை வாங்குவதற்காக எழுதியது போல இருந்தது. நீங்கள் திரும்பியபின் சாப்பாட்டு மேசையில் என் எதிரே உட்கார்ந்து பேச எவ்வளவு காலம் ஆகும் என்பதை மட்டும் தெரிவித்தால், அதுவரை நான் இடையில் வர மாட்டேன்.

இப்படிக்கு,
மச்சான்


பனி முகாம்
மார்ச் 15

மச்சானுக்கு,

ஹெலிகாப்டர் வரும் சத்தம் இன்னும் கேட்கவில்லை. அதற்குள் நடந்ததை எழுதிவிடுகிறேன். கூட்டாமல், கழிக்காமல்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். படித்துவிட்டுத் துளைக்காரரிடம் கொடுத்தேன். அவர் கடைசிவரை படித்துவிட்டு, ‘சார், இதுல வால் இருக்கு’ என்றார். கயிற்றை அவிழ்த்தேன். எண்ணுக்காக அவிழ்த்தேனா, அவள் சொன்ன அந்த ஒரு வரிக்காக அவிழ்த்தேனா என்று என்னைக் கேட்காதீர்கள்.

இருநூறு மீட்டரும் இறக்கினோம். மணிப் பொழுது வந்தது. கேட்டது, மச்சான். மெல்லியதாக, ஈரக் கையால் கண்ணாடியைத் தேய்த்தாற்போல ஒரு கீச்சொலி. துளைக்காரர் காதிலிருந்து கருவியைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். ‘அட, பெரியவரு இருமுறாரு!’ என்றார். ஒலி போய்வந்த நேரத்தைப் போட்டுப் பார்த்தேன். எழுநூற்றுத் தொண்ணூறு. உங்கள் வாலுக்குள்தான் இருந்தார்.

இரண்டு ஒலிப்பான்களின் வாயையும் மூடினோம். பூட்டைத் திறந்தோம். முதலில் அசையவில்லை. பிறகு எழுநூற்று அறுபது. பிறகு, நாங்கள் தலையில் கைவைத்துக்கொள்ளும்படியாக, எண்ணூற்று முப்பது. பிறகு திரும்பிவிட்டார். எழுநூறு, அறுநூற்று நாற்பது, அறுநூறு. ஒவ்வொரு எண்ணையும் துளைக்காரர் ஏலம் போடுபவர் மாதிரி கூவினார். பெரியவர் ஐந்நூற்று இருபதில் நின்றார். சுவருக்கு அடியில் புகுந்து வர அவர் இன்னும் ஆழமாக இறங்க வேண்டும். இறங்க மின்சாரம் வேண்டும். அங்கேயே இரண்டு முறை கூவினார். இரண்டாவதை, கேட்கும் என்று எதிர்பார்த்ததால்தான் கேட்டோம். அதன்பின் இல்லை. இன்று காலைவரை காத்திருந்தோம்.

நாங்கள் எட்டுத் துளை போட்ட அந்த இரண்டு நாளுக்கு முன் மின்கலத்தில் இருந்த மின்சாரம் அவர் இங்கே வந்துசேரப் போதுமானது. இரண்டு முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

இதையும் எழுதாமல் இருக்க முடியவில்லை. விரிசலின் குறுக்கே நாங்கள் போட்டிருந்த பலகையைப் பார்க்கப் பதின்மூன்றாம் தேதி மாலை போனேன். பலகை இல்லை. சாம்பல் தோல் கிழிந்து, விரிசல் நாற்பதடிக்கு வாயைத் திறந்திருந்தது. அந்த நேரத்தில் நான் அந்தப் பக்கத்தில் துளையிட்டுக்கொண்டிருந்திருப்பேன், துளைக்காரரும் என்னோடு. இதை விட்டுவிட்டு முன்னதை மட்டும் எழுதினால், நானும் ஒரு குறியை மாற்றியவன் ஆவேன்.

இந்த இரண்டையும் வைத்து என்ன விடை வரும் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன்.

ஏழாம் விதியை நீங்களே உங்கள் கையால் அடித்துவிடுங்கள். நான் வந்து பார்க்கும்போது அந்த இடம் காலியாக இருக்க வேண்டும். குழாயைத் தொடாதீர்கள். பதினெட்டாம் தேதி மாலை வருவேன் என்று அவளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

மேசையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். யோசித்துத்தான் எழுதுகிறேன். ஒரு மாதம் ஆகும்.

கூட்டல் கழித்தல் ஒரு மாதம்.

மாப்பிள்ளை